நாலு கட்டம், பன்னிரண்டு வளைகோடு: ஒரு வார இறுதி போன கதை

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுக்கலாம் என்று இருந்தேன், எங்கள் தெருப் பெண்ணிடமிருந்து போன். பயிர் உடலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "அண்ணா, கைடு படத்தைத் திருப்பி அனுப்பிட்டார். ஒவ்வொரு கட்டத்துலயும் மூணு செடியோட புள்ளி இருக்கு, கோடு மட்டும் ஒண்ணுதான் இருக்கு, மீதி ரெண்டு எங்கேன்னு எழுதியிருக்கார்." அரை மணி நேர வேலைதானே, அனுப்பும்மா என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு ராத்திரி 11 மணிக்குத்தான் மடிக்கணினியை மூடினேன். நடுவில் என்னவெல்லாம் உடைந்தது, எப்படி ஒட்டவைத்தேன் என்பதை, அடுத்த தடவை எனக்கே உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

அவளுடைய தரவு இன்னும் வெளியாகாதது, அதைக் காட்ட முடியாது. நல்லவேளை, அச்சு அசல் அதே அமைப்பில் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள்ளேயே ஒரு தரவு இருக்கிறது: சிஓ2 என்று தட்டினால் வரும். 1990-இல் எக்காலஜி ஆய்விதழில் பாட்வின், லெச்சோவிச், டார்டிஃப் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. எக்கினோகுளோவா குருஸ்-கல்லி என்ற புல். நெல் வயலில் களையாக மண்டுமே அதுதான், நம் குதிரைவாலிக்கு நெருங்கிய சொந்தம். 12 செடிகள், கனடாவின் கியூபெக்கிலிருந்து 6, அமெரிக்காவின் மிசிசிப்பியிலிருந்து 6. ஒவ்வொரு ஊர்ச் செடியிலும் பாதியை முதல் நாள் இரவு குளிரில் வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் 95, 175, 250, 350, 500, 675, 1000 என்று 7 அளவுகளில் கரியமில வாயுவைக் கொடுத்து, இலை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளந்திருக்கிறார்கள். 12 பெருக்கல் 7, ஆக 84 வரிசை. ஊர் இரண்டு, குளிர் உண்டு இல்லை என்று இரண்டு, ஆக 4 கட்டம், கட்டத்துக்கு 3 செடி. அவள் படமும் இதேதான்.

(ஒரு இடைச்செருகல்: ஆரின் உதவிப் பக்கத்தில் இந்தச் செறிவின் அலகு லிட்டருக்கு மில்லிலிட்டர் என்று போட்டிருக்கிறது. லிட்டருக்கு 350 மில்லி என்றால் காற்றில் 35 சதவீதம் கரியமில வாயு! மைக்ரோலிட்டர் என்று வைத்தால்தான் கணக்கு உதைக்காது, 1990 வாக்கில் வெளிக்காற்றில் இருந்த அளவே ஏறக்குறைய 350 தான். படத்தை வெளியிடும் முன் எக்ஸ் அச்சின் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள், அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள்.)

அவள் அனுப்பிய நிரல், ஆரில் படம் வரையும் லாட்டிஸ் பேக்கேஜில் இருந்தது. அவர்கள் ஆய்வகத்தில் சீனியர் ஜூனியருக்குக் கொடுத்து, அவர் அடுத்தவருக்குக் கொடுத்து, கைமாறிக் கைமாறி வந்த பழைய நிரல். லாட்டிஸைக் குறை சொல்ல மாட்டேன். பெல் ஆய்வகத்தில் உருவான டிரெல்லிஸ் படங்களை (ஒரே படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுவது) ஆருக்குக் கொண்டுவந்த பேக்கேஜ் அது, எழுதியவர் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த தீபாயன் சர்க்கார். பிரச்சினை நிரலில் இருந்த நாலு வரியில். புள்ளிப் படம் வரையும் எக்ஸ்ஒய்பிளாட்டுக்குள் குரூப்ஸ் (குழுக்கள்) என்று செடியைக் கொடுத்திருக்கிறார்கள், சரி. அப்புறம் ஒரு கட்டத்துக்குள் என்ன வரைவது என்று சொல்லும் பேனல் ஃபங்ஷன் ஒன்றைச் சொந்தமாக எழுதி, அதில் முதல் வரி பேனல்.எக்ஸ்ஒய்பிளாட், இரண்டாவது வரி பேனல்.எல்எம்லைன். முதல் வரிக்குக் குரூப் என்றால் என்ன என்று தெரியும், அதனால் புள்ளிகள் மூன்று நிறத்தில் ஒழுங்காக விழுகின்றன. இரண்டாவது வரிக்கு அந்தச் சமாச்சாரமே தெரியாது. கட்டத்துக்குள் வந்த 21 புள்ளிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதன் வழியே ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது. பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. படம் அழகாகவே இருக்கும். நாலு வருஷமாக அந்த ஆய்வகத்தில் யாரும் கவனிக்காததில் ஆச்சரியமில்லை.

வழி இதுதான்: பேனல் என்ற இடத்தில் பேனல்.சூப்பர்போஸைக் கொடுத்துவிட்டு, உங்கள் சொந்த ஃபங்ஷனை பேனல்.குரூப்ஸ் என்ற இடத்துக்கு மாற்றுங்கள். சூப்பர்போஸ் கட்டத்துக்குள் வரும் புள்ளிகளைச் செடிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் உங்கள் ஃபங்ஷனைத் தனித்தனியாக ஓட்டும். மூன்று செடிக்கு மூன்று கோடு வந்துவிட்டது. கூடவே லெஜண்டில் (நிற விளக்கக் குறிப்பில்) ஒரு நிறம், படத்தில் வேறு நிறம் என்று இருந்ததும் கண்ணில் பட்டது; நிறத்தை அழைப்பின் உள்ளேயே கொடுத்தால் லெஜண்டை வரையும் ஆட்டோ.கீ அதைப் பார்க்காது, அது பார்.செட்டிங்ஸில் இருப்பதைத்தான் படிக்கும். அங்கே மாற்றினேன், இரண்டும் ஒத்துப்போனது. இன்னொன்று, லாட்டிஸ் கட்டங்களைக் கீழே இடது மூலையிலிருந்து அடுக்கிக்கொண்டு மேலே போகும். மேலிருந்து கீழே வேண்டுமென்றால் ஆஸ்.டேபிள் என்பதை உண்மை என்று வைக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அரை மணிதான். ஆனால் வந்த மூன்று கோடும் நேர்கோடு. இந்தப் புல்லோ கரியமில வாயு 250, 350 வரும் வரை சரசரவென்று ஏறிவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாக ஏறாது, கரும்பு, சோளம் மாதிரி சி4 என்ற ஒளிச்சேர்க்கை வகைப் புல். அதன் நடுவில் நேர்கோட்டைப் போட்டால் இடது ஓரத்தில் புள்ளிக்கு மேலே, நடுவில் புள்ளிக்குக் கீழே, வலது ஓரத்தில் மறுபடி மேலே என்று போகிறது. "இதை அனுப்பினா அடுத்த கேள்வி இதுல வரும்" என்றேன். "வளைவாப் போட முடியுமா அண்ணா?" என்றாள். அங்கேதான் வார இறுதி போனது.

கை பழகியது ஆரின் இன்னொரு படப் பேக்கேஜான ஜிஜிபிளாட்2 என்பதால் அதற்கு மாறினேன். கட்டம் பிரிக்கும் ஃபேசட் கிரிட்டில் ஊர் ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம், நாலு கட்டம் உடனே வந்துவிட்டது. நிறத்துக்குச் செடியைக் கொடுத்தேன். 12 செடிக்கு ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் ஒரே சரிவு வண்ணம் வந்தது, ஒரு கட்டத்தில் இருக்கிற மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பச்சை. ஏன் இப்படி என்று கொஞ்சம் முழித்தேன். இந்தத் தரவில் செடி என்பது வரிசை உள்ள வகை, அதாவது ஆர்டர்டு ஃபேக்டர். அப்படி இருந்தால் ஜிஜிபிளாட் தானாகவே விரிடிஸ் வண்ணத்தை எடுத்துக்கொள்ளும். வரிசையை நீக்கினால் 12 தனி வண்ணம் வரும், ஆனால் 12 நிறத்தைப் பிரித்துப் பார்க்கிற கண் யாருக்கு இருக்கிறது? செடிகளின் பெயர் வாசகருக்குத் தேவையே இல்லை. நிறத்தைக் குளிருக்குக் கொடுத்தேன்: குளிரில் இருந்தவை நீலம், இல்லாதவை ஆரஞ்சு.

உடனே மூன்று கோடு மறுபடி ஒன்றாகிவிட்டது! லாட்டிஸில் திருத்திய அதே வியாதி வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. ஜிஜிபிளாட்டில் நிறத்துக்கு எந்த வகையைக் கொடுக்கிறோமோ அதையே குழு என்றும் எடுத்துக்கொண்டு, அந்தக் குழுவுக்கு ஒரு கோடு பொருத்தும். நிறம் குளிருக்கு, ஆனால் கோடு செடிக்கு வேண்டுமென்றால் குரூப் என்ற இடத்தில் செடியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன், மூன்று வந்தது. நான் இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறம் மாற்றுவதை நாமெல்லாம் அலங்கார வேலையாக நினைத்து அலட்சியமாகச் செய்கிறோம், ஆனால் அந்த ஒரு சொல்லை மாற்றும்போது எந்தப் புள்ளிகளைச் சேர்த்து ரிக்ரெஷன் ஓட்டுவது (கோடு பொருத்துவது) என்பதே மாறிவிடுகிறது.

அடுத்தது எந்த வளைவு. ஜிஜிபிளாட்டில் கோடு பொருத்தும் ஜியோம் ஸ்மூத்தை ஒன்றும் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சின்னத் தரவுக்கு லோயெஸ் என்ற, அக்கம்பக்கப் புள்ளிகளைப் பார்த்து வளையும் கோட்டைப் போடும். ஒரு செடிக்கு 7 புள்ளிதான் இருக்கிறது, கோடு புள்ளியைத் துரத்திக்கொண்டு நெளிந்தது, தூக்கிப் போட்டேன். பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தேன்: எக்ஸின் இருபடி. பார்க்க வெகு பதவிசாக இருந்தது, அவளுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் கியூபெக்கின் குளிர்படாத செடிகளின் சராசரிக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் 730 வாக்கில் உச்சிக்குப் போய்விட்டு அங்கிருந்து 1000 வரை இறங்குகிறது. அளந்த புள்ளிகளோ 500-லிருந்து கடைசி வரை மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. கரியமில வாயு கூடினால் ஒளிச்சேர்க்கை குறைகிறது என்று தரவில் இல்லாத ஒரு கண்டுபிடிப்பைக் கோடு செய்துவிட்டது. தேர்வாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள்.

இதற்கென்றே ஆரில் எஸ்எஸ்அசிம்ப்ஆஃப் என்று ஒரு மாதிரி இருக்கிறது. மூன்று எண்கள்தான் அதில்: வளைகோடு கடைசியில் போய் முட்டும் மேல்மட்டம், எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்பதன் மடக்கை, உறிஞ்சுதல் பூச்சியமாக இருக்கும் செறிவு. தொடக்க மதிப்புகளை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும், அதனால் நேரிலா ரிக்ரெஷன் என்றதும் வரும் தலைவலியில் பாதி குறையும். ஜியோம் ஸ்மூத்தில் முறை என்எல்எஸ் (ஆரின் நேரிலாப் பொருத்தல்) என்று கொடுத்து, சமன்பாட்டில் நம் நெடுவரிசைப் பெயர்களைப் போடாமல் எக்ஸ், ஒய் என்றே போட்டேன் (நம் பெயரைப் போட்டால் அதற்குப் புரியாது). ஓட்டினால் கோடே இல்லை. அணுத் திசையன்களுக்கு டாலர் குறி செல்லாது என்ற பொருளில் சம்பந்தமே இல்லாத ஒரு செய்தி. கோட்டைச் சுற்றி நம்பிக்கைப் பட்டை போட ஜியோம் ஸ்மூத் பிழையளவைக் கேட்கிறது, என்எல்எஸ் பொருத்தியதிலிருந்து மதிப்புகளைக் கணிக்கும் பிரெடிக்ட் அதைத் தருவதே இல்லை, வெறும் மதிப்புகளை மட்டும் தருகிறது, இல்லாததை எடுக்கப் போய்த்தான் அந்தக் கூச்சல். பிழையளவைக் கேட்கும் எஸ்ஈ என்பதைப் பொய் என்று வைத்தவுடன் 12 வளைகோடும் வந்து நின்றன.

படம் முடிந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கோடு வந்துவிட்டது, அதன் பின்னால் இருக்கும் எண்கள் எங்கே? ஜியோம் ஸ்மூத் அவற்றை நமக்குக் காட்டுவதில்லை. ஆகவே பொருத்துவதைப் படத்துக்கு வெளியே கொண்டுவந்தேன். என்எல்எம்ஈ பேக்கேஜில் என்எல்எஸ்லிஸ்ட் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியே பொருத்தி அட்டவணையாகத் தந்துவிடும். அந்த அட்டவணையைப் பார்த்ததில்தான் இந்த இரண்டு நாளின் பலன் இருந்தது.

மேல்மட்டத்தை மட்டும் எடுத்துக் கட்டத்துக்கு மூன்றாகச் சராசரி போட்டேன். கியூபெக்கில் குளிர்படாதவை 41.7, குளிர்பட்டவை 39.0. மிசிசிப்பியில் குளிர்படாதவை 31.6, குளிர்பட்டவை 18.0. குளிர்நாட்டுப் புல்லுக்கு ஒரு ராத்திரிக் குளிர் மூன்றுக்கும் குறைவாகத்தான் இறக்குகிறது, வெப்பநாட்டுப் புல்லுக்குப் பதின்மூன்றுக்கு மேல் போய்விடுகிறது. நாலு கட்டம் போடுவதே இந்த ஒரு விஷயத்தைக் காட்டத்தான்.

அதே அட்டவணையில் இரண்டு செடிகள் உறுத்தின. மிசிசிப்பி குளிர் வரிசையில் எம்சி1 என்ற செடிக்கு, உறிஞ்சுதல் பூச்சியமாகும் செறிவு -20.4 என்று வந்திருக்கிறது. காற்றில் கழித்தல் 20 கரியமில வாயு எங்கே இருக்கும்? அளவீடே 95-இல்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே கோடு தன் இஷ்டத்துக்குப் போயிருக்கிறது. எம்சி3 இன்னும் வேடிக்கை: 95-இல் 10.6, 175-இல் 18.0, அதற்குப் பிறகு மூன்று அளவுகளுக்கு 17.9, 17.9, 17.9. அதாவது ஏறும் பகுதியில் இருப்பது ஒரே ஒரு புள்ளி, அந்தச் செடியின் வேகம் முழுக்க அந்த ஒரு அளவீட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் இந்த இரண்டு வளைகோடும் மற்றவற்றைப் போலவே தடிமனாக, உறுதியாகத் தெரிந்தன. எனவே கோட்டைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 95-இல் தொடங்கி 1000-இல் முடித்துக்கொண்டேன். பூச்சியச் செறிவைப் பற்றி ஆய்வேட்டில் எதுவும் எழுதாதே என்று அவளிடமும் சொல்லிவிட்டேன்.

வெளியே பொருத்தியதை மறுபடி படத்துக்குள் கொண்டுவருவதில் இன்னொரு அடி. வளைகோடு வழவழப்பாக வர 95-க்கும் 1000-க்கும் நடுவில் 101 இடங்களில் மதிப்பு கணக்கிட வேண்டும். எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக உண்டாக்கும் எக்ஸ்பாண்ட்.கிரிட்டில் செடி, ஊர், குளிர், செறிவு எல்லாவற்றையும் போட்டேன். 4848 வரிசை வந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 12 பெருக்கல் 101, 1212 தானே வர வேண்டும்? கியூபெக் செடியை மிசிசிப்பியிலும் நட்டு, குளிர்பட்டதைக் குளிர்படாததாகவும் ஆக்கி, இல்லாத சேர்க்கையையெல்லாம் அது உண்டாக்கியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 12 கோடு. சரி, ஊரும் குளிரும் வேண்டாம், செடியும் செறிவும் போதும் என்று வெட்டினேன். நிறத்துக்குக் குளிர் என்ற நெடுவரிசை இல்லை என்று கத்தியது. அந்த அடுக்குக்கு நிறத்தையும் எடுத்துவிட்டு ஓட்டினால், மறுபடியும் ஒவ்வொரு கட்டத்திலும் அதே 12 கோடு! இந்தத் தடவை காரணம் வேறு. கட்டம் பிரிக்கும் நெடுவரிசை ஓர் அடுக்கின் தரவில் இல்லை என்றால், இது எல்லாக் கட்டத்துக்கும் பொது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றிலும் வரைந்துவிடும். மூலத் தரவிலிருந்து செடி, ஊர், குளிர் மூன்றை மட்டும் திரும்ப வராத 12 வரிசையாக எடுத்து, அதைச் செடிப் பெயரால் இணைத்ததும் கோடுகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் அந்தத் தப்பான படத்தை அழிக்க மனம் வரவில்லை. எல்லா வளைகோடும் எல்லாக் கட்டத்திலும் இருந்ததால், மிசிசிப்பி குளிர் கட்டத்தில் அந்த மூன்று கோடும் மற்ற ஒன்பதுக்கும் எவ்வளவு கீழே கிடக்கின்றன என்று பார்த்தவுடனே தெரிந்தது. தனித்தனிக் கட்டமாக இருந்தபோது கண் அங்கும் இங்கும் தாவ வேண்டியிருந்தது. ஆகவே கட்டப் பெயர் இல்லாத தரவை வெளிர் சாம்பலில் முதல் அடுக்காகவும், பெயர் உள்ளதை நிறத்தில் அதன் மேலும், புள்ளிகளை எல்லாவற்றுக்கும் மேலும் வைத்தேன். தப்பு செய்து கிடைத்த இந்த உத்தியை இனி எல்லாப் படத்திலும் செய்யப்போகிறேன்.

அவள் கேட்ட ஒன்றை மட்டும் மறுத்தேன். கீழ் வலது கட்டத்தில் பாதி இடம் காலியாக இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒய் அச்சைத் தனித்தனியாக விட்டுவிடலாமா என்றாள். விட்டால் 23-ஐத் தாண்டாத செடிகளும் 45 வரை போன செடிகளும் ஒரே உயரத்தில் நிற்கும், மிசிசிப்பிப் புல்லுக்கு எதுவுமே ஆகாத மாதிரி இருக்கும். அந்தக் காலி இடத்தில்தான்மா உன் முடிவே இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் சரி என்றாள்.

தமிழில் ஒரு பிரதி வேண்டும், விவசாயிகள் கூட்டத்தில் காட்ட. கட்டத் தலைப்புகளைத் தமிழில் மாற்றி வழக்கமான பிடிஎஃப் கட்டளையில் சேமித்தால் எழுத்துக்குப் பதில் வரிசையாகப் புள்ளிகள், கூடவே ஒரு பக்கம் எச்சரிக்கைகள். அந்தக் கட்டளைக்கு யூனிகோட் தமிழ் வராது. கைரோ பிடிஎஃப் என்ற இன்னொரு கட்டளைக்கு மாறியதும் கொம்பு, துணைக்கால் எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக அவளுடைய சொந்தத் தரவை அதே நிரலில் ஓட்டினோம். எல்லாச் செடிக்கும் வளைகோடு வந்தது, ஒன்றைத் தவிர. அதற்குச் சிங்குலர் கிரேடியன்ட் (பொருத்த முடியவில்லை என்ற பிழைச்செய்தி) என்று சொல்லி நின்றுவிட்டது. பார்த்தால் அன்று கருவி பாதியில் நின்றுபோய், குறைந்த செறிவுகளில் நாலு அளவீடுதான் எடுத்திருக்கிறாள், கோடு மட்டமாகும் இடத்துக்கே போகவில்லை. இல்லாத மேல்மட்டத்தை எந்த மென்பொருளும் எங்கிருந்து கொண்டுவரும்? "இதுக்கு மட்டும் அந்த இருபடி வளைவைப் போட்டுடலாமா அண்ணா, பார்க்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றாள். தெரியாதுதான். அதனால்தான் வேண்டாம் என்றேன். நாலு புள்ளியை மட்டும் அப்படியே விட்டு, படத்தின் கீழே "இச்செடிக்கு அளவீடுகள் போதாமையால் வளைகோடு பொருத்தப்படவில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்திருக்கிறாள், எழுத்தை மட்டும் இரண்டு அளவு சின்னதாக்கி.